மூவிலைக் குறியும் கற்றோர் கடனும்

எழுத்து கற்றார்க்கே விளங்கும். சித்திரமோ கல்லார்க்கும் விளங்கும் என்பர். ஒரு வடிவம் தன் பொருளைத் தானே உரைக்கும் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். இவ்வெண்ணம் பிழையுடையது என்பதும், அப்பிழையால் மாந்தர் சிலர் உயிரையே இழந்தனர் என்பதும், ஆதலின் கற்றோராகிய நமக்கு ஒரு கடன் உண்டு என்பதும் ஈண்டுக் கூறப் புகுந்தவை. இவற்றிற்குச் சான்றாக மூவிலை வடிவம் ஒன்றனையே எடுத்துக்கொள்வோம்.

மூவிலை வடிவமாவது யாது? சமபக்க முக்கோணம் ஒன்றின் மூன்று முனைகளையும் நடுவாகக் கொண்டு, ஒன்றனுள் ஒன்று சிறிது புகுமாறு மூன்று வட்டங்கள் வரைந்து, உட்கோடுகளை அழித்துவிடின் எஞ்சி நிற்பதே அது. கவராயம் ஒன்றுடைய கல்தச்சன் இதனை நொடியில் வரைந்துவிடுவான். நம் தமிழில் இலை என்னும் சொல் மரத்தின் இலையையும் உணர்த்தும். வேல் முதலிய படைக்கலங்களின் அலகையும் உணர்த்தும். கூவிளத்தின் தளிரும் மூவிலை. சிவபிரான் ஏந்திய சூலமும் மூவிலையே. ஒன்று அருச்சனைக்குரியது, மற்றொன்று அழிக்கும் படை. இவ்விரு பொருளும் ஒரு வடிவில் வந்து பொருந்துதலைப் பின்னர்க் காண்போம்.

ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டு முதல் எழுந்த கோதிக் ஆலயங்களின் பலகணிகளில் இவ்வடிவத்தை மிகுதியாகக் காணலாம். அதனைக் கண்டவுடன், இது திரியேகக் கடவுளைக் குறிப்பது என்று நாம் சொல்லிவிடுகின்றோம். அவ்வாறு கருதி அமைத்தோரும் உண்டு. ஆயினும் சிற்பியின் தேவையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டு கூர்வளைவுகளை அருகருகே நிறுத்தி, அவற்றை ஒரு பெருவளைவினுள் அடக்கினால், மேலே ஓர் இடைவெளி எஞ்சும். அதனை வெறுங்கல்லால் அடைத்தால் ஒளி குறையும். ஆதலின் அவ்விடத்தைத் துளைத்து இலைபோன்ற வளைவுகளால் அழகு செய்தனர். பிரான்சு தேசத்தில் 1211-இல் தொடங்கப்பெற்ற ரைம்ஸ் பேராலயத்தின் பலகணிகளில் அவ்விடத்தே நிற்பது மூவிலையன்று, ஆறிலை. பிற ஆலயங்களில் நாலிலையும் ஐயிலையும் மூவிலையோடு கலந்து நிற்கின்றன. வடிவத்தைத் தந்தது கவராயம். பொருளைத் தந்தது போதனை. போதிப்பார் இல்லாவிடின் அது கல்லில் அமைந்த துளையேயாம்.

இனி நம் நாட்டின் வடகோடியிலுள்ள காசுமீரத்தை நோக்குவோம். 8-ஆம் நூற்றாண்டில் லலிதாதித்தியன் எழுப்பிய மார்த்தாண்டக் கோயிலிலும், 9-ஆம் நூற்றாண்டில் அவந்திவர்மன் எழுப்பிய அவந்திபுரக் கோயில்களிலும் முக்கோண முகப்பினுள் அடங்கிய மூவிலை வளைவு சிறந்து விளங்குகின்றது. கோதிக் ஆலயங்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை இவை. முன்னது சூரியனுக்கு உரியது. பின்னவற்றுள் ஒன்று திருமாலுக்கும் மற்றொன்று சிவபெருமானுக்கும் உரியவை. மூன்று தெய்வங்களின் வாயில்களிலும் வளைவு ஒன்றே. அது தானாக ஒரு சமயத்தின் உண்மையை உரைப்பதாயின், இவற்றுள் எதனை உரைத்தது என்பது?

விருதுச் சின்னங்களிலும் இவ்வாறே. அங்கே மூவிலை காம்போடு தீட்டப்பெறும். அயர்லாந்து மக்கள் அதனைத் தம் தேசியச் சின்னமாகப் போற்றுவர். 5-ஆம் நூற்றாண்டினரான பத்திரிக்கு முனிவர் மூவிலைப் புல்லைக் காட்டித் திரித்துவத்தை விளக்கினார் என்பது அவர் கொண்டாடும் கதை. அக்கதை நூலேறியதோ 18-ஆம் நூற்றாண்டில்தான். சீட்டாட்டத்தில் நாம் கிளாவர் என வழங்கும் இனத்தை எடுத்துக்கொள்க. உருவம் பிரெஞ்சுக்காரர் தீட்டிய மூவிலை; ஆங்கிலர் அதற்கு வழங்கும் பெயரோ குண்டாந்தடி என்னும் பொருளது. பெண் சாரணியர் அணியும் சின்னமும் மூவிலையே. அதன் மூன்று இதழ்களும் அவர்தம் உறுதிமொழியின் மூன்று கூறுகளைக் குறிப்பன. உறுதிமொழியைக் கற்ற சிறுமிக்கு அது விளங்கும். கல்லாதவளுக்கு அது பூவேலை.

கற்பிப்பார் அற்றுப்போயின் நேர்வது யாது என்பதற்கு மொகஞ்சதாரோவே சான்று. 1925-26-இல் அங்குக் கிடைத்த சிறு சிலை ஒன்றனைப் 'பூசக அரசன்' என்று அழைக்கின்றனர். ஒரு சாண் உயரமும் இல்லாத அச்சிலையின் மேலாடை முழுதும் மூவிலைகள் பொறிக்கப்பட்டு, உள்ளே செந்நிறம் ஊட்டப்பட்டுள்ளது. நெய்தவனும் உடுத்தவனும் கண்டு வணங்கியவனும் அதன் பொருளை அறிந்திருப்பர். சுமார் நாலாயிரம் ஆண்டுகள் கழிந்தன. உருவம் பழுதின்றி நிற்கின்றது, பொருள் மண்ணோடு மண்ணாயிற்று.

இது நிற்க. பழம்பொருளின் கருத்து மறைந்தால் ஆராய்ச்சியாளர்க்கே வருத்தம். அதனால் எவரும் மாய்வதில்லை. ஆனால் நம் காலத்தே பிறந்த மூவிலை ஒன்று உண்டு. 1946-இல் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கதிரியக்கச் சாலையில், அறிஞர் சிலர் கூடி, நடுவே ஒரு புள்ளியும் சுற்றிலும் மூன்று அலகுகளும் கொண்ட சின்னம் ஒன்றனை வரைந்தனர். அணுவினின்று கதிர்கள் பரவுதலைக் காட்டுவது அது. முதலில் நீலத்தின்மேல் செங்கருநீலமாகத் தீட்டப்பெற்றுப் பின்னர் மஞ்சள் நிலத்துக்கு மாறிய அச்சின்னத்தை இன்று மருத்துவமனைகளின் எக்ஸ்ரே அறைக் கதவுகளிற் காண்கின்றோம். கதிரியக்கத்திற்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. ஐம்பொறிகளால் உணரவொண்ணாத அபாயத்திற்கு அச்சின்னமே கண்ணும் காதும் ஆகும். இலை என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் இங்கே உண்மையாயிற்று.

அச்சின்னம் பேசிற்றா? 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாய்லாந்திலுள்ள சமுத் பிராகான் என்னுமிடத்தில், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட கோபால்ட் கருவியின் ஒரு பகுதி, காவலின்றிக் கிடந்தது, பழைய இரும்பு வாங்குவோர் கைக்குப் போயிற்று. நம் ஊரிற் காயலான் கடை என்போமே, அத்தகைய கடையில் வைத்து அதனைப் பிளந்தனர். அதன்மேல் மூவிலைச் சின்னம் இருந்தது. ஆயினும் அதன் பொருளை அவர்களுக்கு ஒருவரும் கற்பித்திலர். எச்சரிக்கை வாசகமும் அவர்தம் மொழியில் இல்லை. பதின்மர் கடுங்கதிர்வீச்சுக்கு ஆளாயினர், மூவர் மாண்டனர். அவர்கள் கண்ணாற் கண்டனர், கருத்தால் அறிந்திலர்.

தாய்லாந்தின் கதைதானே என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. 2010-இல் நம் தலைநகராகிய டில்லியில், பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கருவியொன்று நெடுங்காலம் பயனின்றிக் கிடந்து, பழம்பொருளோடு பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரிக் கடைத்தெருவில் அதனைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட் வெளிப்பட்டது. தொழிலாளர் பலர் நோயுற்றனர். ஒருவர் உயிர் நீத்தார். விற்றவர் கல்லாதவர் அல்லர் என்பதே நம் நெஞ்சைச் சுட வேண்டுவது. கலைமகள் வாழும் மனையினின்றே அக்கூற்றம் புறப்பட்டது.

இக்குறையை அறிஞர் உணராமல் இல்லை. மூவிலை தானே பொருள் விளக்காது எனக் கண்ட சர்வதேச அணுசக்தி முகமையும் தர நிர்ணய நிறுவனமும், இந்தியா உட்படப் பதினொரு நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்து, 2007-இல் புதிய சின்னம் ஒன்றனை வெளியிட்டன. செந்நிற முக்கோணத்தினுள் மூவிலையினின்று கதிர் பாய, கீழே மண்டையோடும், ஓடும் மனிதனும் அமைந்தது அது. எனினும் அது கொடிய கதிர்மூலங்களின்மேல் பொறிப்பதற்கே உரியது; கதவுகளிலும் வண்டிகளிலும் பழைய மூவிலையே நிலைபெற்றுள்ளது. ஆகவே அதனைக் கற்பிக்கும் கடமை நம்மைவிட்டு நீங்கவில்லை.

சின்னம் உலகப் பொதுமொழி. எல்லா நாட்டிலும் ஒன்றாய் இருப்பதே அதன் பயன் என்று சிலர் கூறலாம். மெய்யே. ஆனால் ஒருமைப்பாடு கற்றவனுக்கு எளிமை தருமேயன்றிக் கல்லாதவனுக்குக் கல்வி தாராது. அறிவித்தேன் என்று சொல்லத்தக்கவன் பலகையை மாட்டியவன் அல்லன். பிறர் அறியும்படி செய்தவனே.

ஆதலின் யான் வேண்டுவன மூன்று. கீழ்வகுப்புப் பாடநூல்களில், சாலை விளக்கின் சிவப்பும் பச்சையும் கற்பிக்கும் இடத்திலேயே இச்சின்னமும் கற்பிக்கப்படுக. சின்னம் நிற்குமிடமெல்லாம் அதன் கீழ் அவ்வூர் மக்களின் மொழியில் இரண்டு சொற்கள் எழுதப்படுக. ஆய்வுக்கூடமுடைய ஒவ்வொரு கல்லூரியும், பௌதிகம் பயிலும் மாணவனுக்கு உரைக்குமுன், கூடத்தைப் பெருக்குபவர்க்கும் வாயில் காப்பவர்க்கும் பழைய சாமான் எடுக்க வருபவர்க்கும் உரைக்குக. நாட்டு நலப்பணிக்கென ஊர்தோறும் செல்லும் மாணவ நண்பர்கள் ஒருநாட்பொழுதைக் காயலான் கடைகளுக்கு ஒதுக்கி, இச்சின்னத்தைக் காட்டி விளக்குவார்களாயின், அதனினும் மேலான தொண்டு வேறில்லை.

ஆலயப் பலகணியின் மூவிலையைப் பொருளறியாது நோக்குபவன் ஓர் இன்பத்தை இழப்பான். இரும்புப் பெட்டியின் மூவிலையைப் பொருளறியாது நோக்குபவன் உயிரை இழப்பான். முன்னவனுக்குப் பொருள் கூற ஆயிரம் நூல்கள் உள்ளன. பின்னவனுக்குக் கூற நம்மையன்றி யார் உளர்?