சனத்துக்கு விழிப்புணர்வு இல்லையாம்!



காலநிலை மாற்றம் பற்றி எங்கே செயலமர்வு வைத்தாலும் தேநீர் இடைவேளைக்கு முன் ஒரு வசனம் வந்துவிடும்: "தோட்டத்துச் சனத்துக்கு விழிப்புணர்வு போதாது." 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகும் அதே கதைதான். எழும்பச் சொன்னார்களாம், சனம் எழும்பவில்லையாம்.

தலவாக்கலைக்கா விழிப்புணர்வு இல்லை? மழை பிசகினால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும் என்று எங்கள் வகுப்புப் பிள்ளையே சொல்லும். எங்களிடம் இல்லாதது அறிவு அல்ல, நம்பிக்கை. அது எப்படிப் போனது என்று கணக்குப் பார்ப்போம்.

மேல் கொத்மலைத் திட்டம். புகையில்லாத மின்சாரம், 150 மெகாவாட், 2012இல் தொடங்கியது. எங்கள் எதிர்ப்பையும் மீறித்தான் அது வந்தது. சென் கிளேயர் அருவியின் தண்ணீரைக் கொடுத்தோம். ஆற்றோரக் குடும்பங்கள் வீடுவாசலை விட்டு எழும்பின. பசுமைக்கு விலை கொடுக்காத ஊர் அல்ல இது.

அடுத்தது 2021 மே. ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளைக்குத் தடை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில், சென் கூம்ஸில்தான் இருக்கிறது. கொழுந்து பறிக்கிறவர்களை யார் கேட்டார்கள்? கிளாஸ்கோ மாநாட்டுக்குப் போன ஜனாதிபதி அங்கே அதைப் பெருமையாகச் சொன்னார். அந்த நவம்பரிலேயே தடை போய்விட்டது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியனுக்கு விழுந்தது. சேதனப் பசளை கெட்டதல்ல. கேட்காமல் திணித்ததுதான் கெட்டது.

மூன்றாவது மீரியபெத்தை, 2014 ஒக்டோபர் 29. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்த இடம் அது. எழும்பு என்றார்கள். எங்கே போவது? காணி எங்கே? அதற்குப் பதில் வருவதற்குள் மலை வந்துவிட்டது.

நபி (ஸல்) அவர்கள் ஸபா குன்றில் ஏறி, "இந்த மலைக்குப் பின்னால் ஒரு படை வருகிறது என்றால் நம்புவீர்களா?" என்று கேட்டார்கள். நம்புவோம், உங்களிடம் பொய்யைக் கண்டதில்லை என்றார்கள் மக்கள். எச்சரிக்கிறவர் முதலில் அமீனாக இருக்க வேண்டும். மார்க்கம் எதுவானாலும் இது எல்லோருக்கும் பொருந்தும்.

எங்களிலும் பிழை உண்டு. வட்ஸ்அப்பில் வந்த வதந்தியை விசாரிக்காமல் தள்ளிவிட்டோம். முகாமாகிய பாடசாலையில் மூன்றாம் நாளே "எப்ப போவீங்க?" என்று கேட்டதும் எங்களில் சிலர்தான். அந்தச் சனம் அடுத்த முறை எந்த நம்பிக்கையில் வரும்?

ஆகவே நாங்கள் கேட்பது மூன்றே மூன்று. எச்சரிக்கை சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் வர வேண்டும். ஆபத்தான லயங்களின் பட்டியலைப் பள்ளிவாசலிலும் கோவிலிலும் விகாரையிலும் தேவாலயத்திலும் ஒட்ட வேண்டும். எழும்பச் சொல்லும் கையிலேயே காணி உறுதியும் இருக்க வேண்டும். 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்ற பட்டிமன்றம் போதும்.

இதைச் செய்யுங்கள். பிறகு சனம் எழும்பவில்லை என்றால் எங்களைத் திட்டுங்கள்.