மீண்டெழுந்த நகரும் மாணவர் வரைந்த படங்களும்

ஐரோப்பாவில் வாழும் எம்மவரிடையே விடுமுறைக் காலங்களிற் குடும்பத்தோடும் நண்பரோடும் கூடிப் பழம்பெரும் நகரங்களைக் காணப் புறப்படும் வழக்கம் வேரூன்றிவிட்டது. நல்ல வழக்கமே. ஆயினும் அது நடைபெறும் முறைபற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுரிமைப் பட்டியலில் இன்று 1,200க்கு மேற்பட்ட இடங்கள் உள்ளன. அவற்றுட் பெருந்தொகையானவை ஐரோப்பாவிலேயே உள்ளன. ஆதலின், நான்கு நாளில் ஐந்து தலங்களை அடைந்து, ஒவ்வொன்றின் வாயிலிலும் நின்று படம்பிடித்து, பட்டியலில் ஒரு கோடு கீறிவிட்டு அடுத்ததற்கு ஓடுவது எளிதாயிற்று. யாது கண்டீர் என வினவினால், எத்தனை கண்டோம் என்பதே விடையாக வருகின்றது.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நாம் மேற்கொண்ட போலந்துப் பயணமும் அவ்வாறே தொடங்கியது. எமது கல்லூரியில் ஒரே வாங்கிலிருந்து படித்த மூவர், ஒருவர் ரொறொன்ரோவிலிருந்தும் ஒருவர் ஜேர்மனியிலிருந்தும் நான் இலண்டனிலிருந்துமாக, மனைவியர், மக்கள், பேரப்பிள்ளைகள் சகிதம் பதினொருவராய்க் கூடினோம். உலக மரபுரிமைப் பட்டியலில் 1978ஆம் ஆண்டு முதன்முதல் இடம்பெற்ற பன்னிரு தலங்களுட் கிராக்கோ நகரும் அதன் அருகேயுள்ள வியலிச்கா உப்புச் சுரங்கமும் அடங்கும். இரண்டையும் இரண்டு நாளிற் பார்த்துமுடித்தோம். நிலத்தின் கீழ் 101 மீற்றர் ஆழத்தில் உப்புப் பாறையைக் குடைந்து சமைத்த தேவாலயத்தைக் கண்டு பெரியோர் வியந்து நிற்க, பிள்ளைகள் சுவரை நக்கிப் பார்த்து முகஞ் சுளித்தனர். அவுஷ்விட்ஸ் முகாமுக்குப் பெரியோர் மட்டுமே சென்றோம். அன்றிரவு உணவின்போது எவரும் அதிகம் பேசவில்லை.

பின்னர்ப் புகையிரதமேறி வார்சோவை அடைந்தோம். அங்குதான் எமக்குள் வழக்கு மூண்டது.

வார்சோவின் பழைய நகரச் சதுக்கம் காண்பதற்கு இனியது. மஞ்சளும் செம்மையும் பசுமையுமாய் வண்ணந் தீட்டிய ஒடுங்கிய வீடுகள் நாற்புறமும் நிற்க, நடுவே வாளேந்திய நீர்மகளின் சிலை விளங்குகின்றது. கிராக்கோவின் வீடுகளைப்போல் இவையும் பல நூற்றாண்டுப் பழமையன என்றே எமது கூட்டத்தார் எண்ணியிருந்தனர். வழிகாட்டி உண்மையைக் கூறினார். 1944ஆம் ஆண்டு ஆவணி முதலாந் திகதி தொடங்கி அறுபத்துமூன்று நாள் நீடித்த வார்சோ எழுச்சியின் போதும் அதன் பின்னரும் இப்பழைய நகரின் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அழிந்துபோயிற்று. போரில் தப்பியவற்றையும் ஜேர்மானியப் படையினர் நெருப்பு வைத்தும் வெடிவைத்தும் தெருத்தெருவாகத் தகர்த்தனர். இன்று நாம் காண்பது போருக்குப் பின் எழுப்பப்பட்டது. சதுக்கம் திறந்துவைக்கப்பட்டது 1953ஆம் ஆண்டு ஆடி மாதத்தில்.

ரொறொன்ரோ நண்பர் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. "மச்சான், எனக்கும் இந்த வீடுகளுக்கும் ஒரே வயசு. இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார் அவர். ஏனையோர் நகைத்தனர். ஆனால் அவர் நகைச்சுவைக்காக மட்டும் அதைக் கூறவில்லை. பழமை என்பது காலத்தாற் கனிவது, அதனைக் கொத்தனாரை அழைத்துச் செய்விக்க முடியாது, இது நாடக மேடையிற் கட்டிய திரைச்சீலைக்கு ஒப்பானது என அவர் வாதித்தார்.

அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. முகப்புகளே பழைய கோலத்தன; உள்ளே பல வீடுகள் அக்காலத்து அரசு கட்டிய புதுக் குடியிருப்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சேர்க்கைகள் பலவற்றை விரும்பாது விட்டுவிட்டனர். செங்கற்களிற் பெருந்தொகையை வுரோட்ஸ்வாவ் முதலிய மேற்கு நகரங்களிலிருந்து கொணர்ந்தனர். அதன்பொருட்டு அந்நகரங்களில் நின்ற கட்டடங்கள் சிலவும் இடிக்கப்பட்டன. ஒரு நகரின் மரபைக் காக்க மற்றொரு நகரின் சுவரைப் பெயர்த்த கதையை விளம்பரத் துண்டுகள் சொல்வதில்லை. இவை யாவும் அறிந்திருந்தும் 1980ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்நகரைப் பட்டியலிற் சேர்த்தது. ஏறத்தாழ முழுவதும் அழிந்த ஒரு நகரை அதன் மக்கள் மீளப் படைத்தனர் என்ற அச்செயலையே அது மரபுரிமையென மதித்தது. அது சரியான முடிபென்பதே என் கருத்து.

ஏன் என்பதற்கு நான் நண்பருக்குக் கூறிய விடையை ஈண்டு மாணவர்பொருட்டுச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். இடிபாட்டுக் குவியலிலிருந்து ஒரு வீட்டின் உயரத்தையும் சாளரத்தின் அளவையும் எவரால் அறிய இயலும்? வார்சோவுக்கு இரு துணைகள் இருந்தன. பெலோற்றோ என்னும் இத்தாலிய ஓவியர் பதினெட்டாம் நூற்றாண்டில் அரசவையில் இருந்து வரைந்த நகரக் காட்சிகள் ஒன்று. அவை இன்று அரண்மனையிலே தொங்குகின்றன. அழகுக்காக அவர் சிற்சில இடங்களைத் தம் மனம்போல் மாற்றியும் வரைந்துள்ளார். அவற்றினும் சிறந்த துணை வார்சோ தொழினுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர், ஆசிரியரின் வழிநடத்தலிற் பழங்கட்டடங்களுக்குச் சென்று அளவுநாடா பிடித்து வரைந்த படங்கள். பாடப் பயிற்சியாகச் செய்தவை அவை. அந்தத் துறையை நடத்திய பேராசிரியர் ஒஸ்கார் சொஸ்னோவ்ஸ்கி 1939ஆம் ஆண்டு புரட்டாதியில், நகர் முற்றுகையில் இருந்தபோது, அத்தொகுதியைக் காக்க முனைந்த வேளையிற் படுகாயமுற்று உயிர்நீத்தார். பின்னர்ப் படங்கள் நகரிலிருந்து வெளியே எடுத்துச் செல்லப்பட்டு, பியோத்ருகுவ் என்னும் ஊரின் மடாலயத்தில் ஒளித்துவைக்கப்பட்டன. போர் முடிந்தபின் பேராசிரியர் யான் சாக்வத்தோவிச் தலைமையிலே நகரை மீளக் கட்டியோர் அவற்றையே விரித்து வைத்து வேலை தொடங்கினர்.

அக்காலத்தில் எத்தனை மாணவர் இப்பயிற்சியை வெயிலிற் செய்யும் வேண்டாத வேலையென்று சலித்திருப்பர்! நாமும் அவ்வாறே சலித்திருப்போம்.

அரண்மனையின் கதையும் இத்தன்மையதே. 1939ஆம் ஆண்டு புரட்டாதி 17ஆந் திகதி குண்டுவீச்சில் அதன் கோபுரக் கடிகாரம் 11 மணி 15 நிமிடத்தில் நின்றுபோயிற்று. நூதனசாலை ஊழியர் எரியுங் கட்டடத்திலிருந்து கதவுகளையும் சிற்பத் துண்டுகளையும் சுமந்து சென்றனர். 1944இல் அரண்மனை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1971இல் மீளக் கட்டத் தீர்மானித்து, பொதுமக்கள் நன்கொடையால் வேலை தொடங்கி, காத்துவைத்த துண்டுகளைப் புதுச் சுவரிற் பதித்தனர். 1974ஆம் ஆண்டு ஆடி 19ஆந் திகதி 11 மணி 15 நிமிடத்திலேயே கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. இதனைக் கேட்டபின் என் நண்பர் திரைச்சீலை என்ற சொல்லை மீண்டும் எடுக்கவில்லை. தோற்றதாகவும் ஒப்பவில்லை, அது அவர் பள்ளி நாளிலிருந்தே உள்ள வழக்கம்.

வேறொரு விஷயத்தை அவரே எடுத்துக் கூறினார். கட்டடத்துக்கு வரைபடம் போதும். ஏட்டுக்கு என்ன செய்வது? 1944ஆம் ஆண்டு ஐப்பசியில், எழுச்சி அடங்கிய பின்னர், வார்சோவின் கிராசின்ஸ்கி நூலகத்திற் சேர்த்துவைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளை நெருப்பிட்டு அழித்தனர். 1981ஆம் ஆண்டில் எமது யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை எம்மில் எவரும் மறந்திலர். கட்டடம் பின்னர்ப் பழைய சாயலிலேயே எழுந்தது. பிரதி வேறில்லாத ஏடுகள் மீளவில்லை. சதுக்கத்து வாங்கில் நாம் மூவரும் சிறிதுநேரம் பேசாதிருந்தோம்.

அம்மௌனத்தைக் கலைக்கவோ என்னவோ, ஜேர்மனி நண்பர் எமது கல்லூரியின் பழைய பிரார்த்தனை மண்டபத்தை நினைவிலிருந்து வரையத் தலைப்பட்டார். அம்மண்டபம் இன்று இல்லை. ஏழாண்டு நாள்தோறுங் காலையில் அங்கு நின்று தேவாரம் பாடிய நாம், அதன் தூண்கள் எத்தனை என்பதில் ஒருமைப்படவில்லை. ஒருவர் பத்தென்றார், ஒருவர் பன்னிரண்டென்றார், நான் பத்தும் அல்ல, பன்னிரண்டும் அல்ல, கிழக்கு வரிசையில் ஐந்தும் மேற்கில் ஆறும் என்றேன். கைத்தொலைபேசிகளைத் துழாவினோம். மண்டபத்தின் முன் நின்று எடுத்த குழுப்படங்கள் பல அகப்பட்டன. எல்லாவற்றிலும் தூண்களை மறைத்துக்கொண்டு நாமே நின்றோம்.

கடைசி நாளில் முரானுவ் என்னும் பகுதிக்குச் சென்றோம். அது மரபுரிமைப் பட்டியலில் அடங்கியதன்று. எமது பயணத் திட்டத்திலும் முதலில் இருக்கவில்லை. போருக்குமுன் வார்சோவின் மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் யூதர். அவர்கள் செறிந்து வாழ்ந்த இப்பகுதியைச் சுவரெழுப்பி அடைத்து, மக்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பி, 1943இல் தரைமட்டமாக்கினர். இங்கே பழைய வீடுகளை எவரும் மீளக் கட்டவில்லை. இடிபாட்டுக் குவியலின்மீதே புதிய குடியிருப்புகள் எழுந்தன. இன்றும் சில வீடுகள் தெருமட்டத்துக்கு மேலே மேட்டில் நிற்பது அதனாலேயே. இங்குள்ள போலின் நூதனசாலையில், குவோஸ்ஜெட்ஸ் என்னும் ஊரில் இருந்து அழிந்த மரத்தாலான யூத ஆலயம் ஒன்றின் கூரையும் வண்ண விதானமும் சற்றுக் குறைந்த அளவில் மீளச் செய்து வைக்கப்பட்டுள்ளன. போருக்குமுன் எடுத்த அளவுப்படங்களும் ஒளிப்படங்களும் எஞ்சியிருந்தமையால் அது கைகூடிற்று. மாணவரும் தொண்டரும் பழைய கருவிகளைக்கொண்டே மரத்தைச் செதுக்கினராம்.

சிங்கமும் யானையும் முயலும் பூங்கொடியும் நிறைந்த அவ்விதானத்தின்கீழ் என் பேரன் நெடுநேரம் அண்ணாந்து நின்றான். "அம்மப்பா, இங்க ஆர் வந்து கும்பிடுகினம்?" என்று கேட்டான். அவன் பாட்டியார் அவன் கையைப் பற்றிக்கொண்டார். ஒருவரும் வருவதில்லை என்று நான் சொன்னேன். ரொறொன்ரோ நண்பர் அப்பால் திரும்பி நின்றார்.

அடுத்த ஆண்டும் கூடிச் செல்வதென முடிவு செய்துள்ளோம்; ஒரே நகரம், ஒரு கிழமை. ஜேர்மனி நண்பர் கீறிய மண்டபப் படம் என் மேசைமீது உள்ளது. அதன் இரு பக்கத்திலும் தூண்களுக்கு இடம் விட்டிருக்கின்றார். அவற்றின் தொகையை நிச்சயமாய் அறிந்த பழைய மாணவர், அல்லது நாம் எவரும் மறைக்காத ஒளிப்படம் ஒன்றை வைத்திருப்பவர், இம்மலர்க் குழுவுக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றேன்.