கேட்கும் கையெழுத்து எங்கே கிடைக்கும்?

தோட்டம் போடுவதற்கும் லைசென்ஸா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்பவர் பூச்செடி வைப்பவர் மட்டுமல்ல. மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், மண்ணைத் தாங்கும் சுவர் சரியாமல் நிற்குமா, சக்கர நாற்காலி ஏறச் சாய்வு எவ்வளவு இருக்கலாம் என்றெல்லாம் கணக்கிட்டு, வரைபடத்தில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பவர் அவர். இத்தொழிலுக்கு முதலில் சட்டம் செய்தது காலிபோர்னியா, 1953-ல். இன்று ஐம்பது ராஜ்யங்களிலும் ஏதாவதொரு கட்டுப்பாடு உண்டு. (நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு 1858-ல் திட்டம் வகுத்த ஓல்ம்ஸ்டெட்டிடம் லைசென்ஸ் கிடையாது. பூங்கா ஒன்றும் கெட்டுவிடவில்லை!)

பரீட்சையைப் பற்றி யாருக்கும் வழக்கில்லை. நான்கு பகுதிகள் கொண்ட அந்தப் பரீட்சையைக் கனடாவின் பல மாகாணங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நிலச் சரிவும் வடிகாலும் அதில் ஒரு தனிப் பகுதி. தண்ணீர் சென்னையிலும் பள்ளத்தை நோக்கித்தான் ஓடுகிறது, படித்தவர் தேறிவிடுவார்.

சங்கடமெல்லாம் அனுபவச் சான்றில்தான். லைசென்ஸ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. இந்தியாவிலோ 1972-ம் வருஷத்து ஆர்க்கிடெக்ட் சட்டம் கட்டிடக் கலைஞர்களையே பதிவு செய்கிறது. லேண்ட்ஸ்கேப் தொழிலுக்குத் தனி லைசென்ஸே இல்லை. ஆகவே, இங்கே பத்து வருஷம் உழைத்துவிட்டுப் போகிறவருக்கு அந்தத் தொழிலில் லைசென்ஸ் உள்ள மேலதிகாரி யார் சான்று எழுதுவது? சில ராஜ்யங்கள் ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினீயரின் கீழ் செய்த வேலையில் ஒரு பங்கைக் கணக்கில் சேர்க்கின்றன. மற்ற இடங்களில் அவர் இன்னொருவர் ஆபீசில் படம் வரைந்து கொடுக்க, இன்னொருவர் கையெழுத்திடுகிறார்.

உள்ளூர் அனுபவமே வேண்டாம் என்பதும் நியாயமாகாது. டொரண்டோவில் குளிர்காலத்தில் மண் உறைந்துவிடும், அஸ்திவாரம் 1.2 மீட்டராவது இறங்க வேண்டும். திருச்சியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் இதைக் கற்க ஓரிரு குளிர்காலம் போதுமே. அதற்காகப் பத்து வருஷத்தைப் பூஜ்யமாக்குவானேன்? செய்து முடித்த வேலைகளையும் வரைபடங்களையும் நிபுணர் குழு நேரில் பரிசீலிக்கட்டும். பரீட்சையை முதலிலேயே எழுத விடட்டும்; சில ராஜ்யங்கள் ஏற்கெனவே விடுகின்றன. பாக்கி மாதங்களை உள்ளூர்ச் சட்டத்துக்கும் சீதோஷ்ணத்துக்கும் மட்டும் ஒதுக்கினால் போதும்.

டில்லிக்கும் இதில் பங்குண்டு. இத்தொழிலாருக்கு 2003 முதல் இந்தியாவில் சங்கம் ஒன்று இருக்கிறது. சட்டப்படியான பதிவேடுதான் இன்னும் இல்லை.