டீச்சர் போன தீவுக்குப் பெயர் என்ன?

வெள்ளவத்தையில ஒரு டீச்சர் மாலைதீவுக்கு வேலைக்குப் போனால் சனம் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு கிடைக்குதாம்?" இரண்டாவது, "குடும்பத்தைக் கூப்பிடலாமாமா?" எந்தத் தீவு, யாரோடு தங்கியிருக்கிறா, மரக்கறி கிடைக்குதா எண்டு கேட்ட ஒரு ஆளை நாங்கள் இன்னும் காணவில்லை. அந்த நாட்டில் கிட்டத்தட்ட 1,190 தீவுகள் இருக்கின்றன. சனம் வாழ்வது அதில் 200க்கும் குறைவான தீவுகளில். எங்கட வாயில எல்லாமே "மாலே" தான்.

கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். கொட்டாஞ்சேனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போகிற நேரத்தில் மாலேக்குப் போய் வந்துவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நாட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம் சம்பலுக்குப் போடுகிற மாசி.

டீச்சர்மார் ஏன் போகிறார்கள் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காகத் தொடங்கிய ஆசிரியர் போராட்டம் மூன்று மாதத்துக்கு மேல் நீண்டது. அது முடிந்து கிட்டத்தட்ட அரை வருடத்தில், 2022 மார்ச்சில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. ஜூனில் அரசாங்கமே 14/2022 சுற்றறிக்கையை வெளியிட்டு, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்றது. கதவைத் திறந்துவிட்டது அரசு. பிறகு டிவியில் வந்திருந்து "பிள்ளைகளைக் கைவிட்டுப் போகினம்" எண்டு ஆசிரியர்களைத் திட்டுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அதற்காகப் போனவர்கள் எல்லாரும் அதிர்ஷ்டசாலிகள் என்பதையும் ஏற்க முடியாது. இரண்டு பக்கத்தாரும் விமான நிலையத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். இறங்கின பிறகு நடப்பதுதான் எங்களுக்குக் கவலை.

இது புதுக் கதையும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்கு எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் போனார்கள். 1960களின் தொடக்கத்தில் மாலேயில் ஆங்கில மொழிமூலக் கல்வி வந்தபோது இலங்கை ஆசிரியர்களும் போனார்கள். எழுபது எண்பதுகளில் நைஜீரியா. இந்த எல்லாப் பயணங்களிலிருந்தும் எங்கட வீடுகளுக்கு வந்து சேர்ந்தது காசும் போட்டோவும். முதல் மூன்று மாதம் எப்படிப் போனது என்று எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு.

எங்களுக்குத் தெரிந்த சீனியர்களும் அன்ரிமாரும் போனில் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால், முதல் பிரச்சினை வகுப்பறையில்தான். பாடம் ஆங்கிலத்தில். பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பது திவேஹியில். ஏழு வயதுப் பிள்ளை அழுதால் ஆங்கிலத்தில் அழாது. திவேஹி எழுத்தான தானா வலமிருந்து இடமாக ஓடும். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து வந்தவை (கணித டீச்சர்மாருக்கு இது பிடிக்கும்).

ஆனால் இங்கேதான் கொழும்புத் தமிழருக்கு யாரும் சொல்லித்தராத ஒரு வசதி இருக்கிறது. திவேஹி சிங்களத்துக்குச் சொந்தக்கார மொழி. சிங்களத்தில் எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ. அங்கே எகே, தேய், தினே, ஹத்தரே, ஃபஹே. சிங்களத்துப் 'ப' பல இடங்களில் அங்கே 'ஃப' ஆகிவிடும். காலி வீதி பஸ்ஸிலும் மெனிங் சந்தையிலும் பொறுக்கிய எங்கட அரைகுறைச் சிங்களம் அங்கே ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்க, எண்ணச் சொல்லிக்கொடுக்க உதவும். வடக்கிலிருந்து நேரே போன ஒரு டீச்சருக்கு இந்த வாசலும் இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மொழியில் படிவம் நிரப்பிய எங்களுக்கு, தெரியாத மொழியில் படிக்கிற பிள்ளையின் முகம் நன்றாக விளங்கும். நல்ல ஆசிரியருக்கு இது டிப்ளோமாவை விடப் பெரிய தகுதி என்பது எங்கள் எண்ணம்.

இரண்டாவது விஷயத்தைப் பற்றி ஆட்கள் மெதுவாகத்தான் கதைப்பார்கள். அங்கே வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோக அனுமதியில்லை. 2008 அரசியலமைப்பின்படி முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை பெற முடியாது. வேறு மதத்தவர் பொது இடத்தில் வழிபடவும் முடியாது. செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போன ஒருத்திக்கு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பழகிய ஒருத்திக்கு, இது சின்ன மாற்றமில்லை. அந்த நாட்டின் சட்டம் அது, போகிறவர் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் பெட்டி கட்டும்போதே இதைச் சொல்வது முகவரின் கடமை. சுங்கத்தில் பையைத் திறந்த பிறகு தெரியவருவது அநியாயம். எங்கட முஸ்லிம் நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நோன்பு மாதத்தில் அங்கே இன்னும் சந்தோஷம் என்கிறார்கள்.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பளம் ருஃபியாவில். அதிகாரபூர்வ விலை ஒரு டொலருக்கு 15.42. அந்த விலைக்கு வங்கியில் டொலர் எல்லா நேரமும் கிடைக்காது, வெளியில் விலை கூட. ஆகவே ஒப்பந்தத்தில் இருக்கிற தொகையை 15.42ஆல் பிரித்து, இலங்கை ரூபாயால் பெருக்கி, கனவு காணவேண்டாம். வாடகை யார் கட்டுவது, எந்தத் தீவு, விடுமுறைக்கு டிக்கெட் உண்டா என்பதெல்லாம் கையெழுத்துக்கு முதல் எழுத்தில் இருக்கவேண்டும். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு வேலைவாய்ப்புப் பணியகம் பயிற்சி வைத்திருக்கிறது. டீச்சர் என்றால் "படிச்சவ தானே, சமாளிப்பா" என்று விட்டுவிடுகிறார்கள். படிச்சவ என்பதால் தனிமை குறையுமா?

இதற்குப் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பிள்ளைகளின் படிப்புக்காகவும் மருத்துவத்துக்காகவும் வாடகைக்கு இருக்கிற மாலைதீவுக் குடும்பங்கள் உண்டு. லிஃப்டில் சிரித்துவிட்டுப் போகிறோம், அவ்வளவுதான். போகவிருக்கிற ஒரு டீச்சர் அவர்களோடு நாலு சனிக்கிழமை இருந்து திவேஹி கேட்டால் என்ன? போய் வந்த ஒரு அன்ரியை எங்கள் கலைப்பீடத்துக்குக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் கதைக்கச் சொன்னால் என்ன? எங்களைப் போலத் தமிழும் வரலாறும் படிக்கிறவர்களை அங்கே அதிகம் கேட்கமாட்டார்கள், அது வேறு விஷயம். ஆங்கிலம் எடுத்த நண்பிகளில் இரண்டு பேர் இப்போதே விளம்பரங்களைச் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

2022 நடுவில் போய், ஐந்து வருடத்தையும் முழுதாக எடுத்தவர்களுக்கு 2027இல் விடுமுறை முடிகிறது. சிலர் இன்னொரு நாட்டுக்குப் போவார்கள். சிலர் பழைய பாடசாலைக்கு வந்து கையெழுத்துப் போடுவார்கள். மொழி தெரியாத பிள்ளைகளுக்கு ஐந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்த அந்த ஆளை, ஆங்கிலத்துக்குப் பயப்படுகிற எங்கட பிள்ளைகளின் வகுப்புக்கு அனுப்பப் போகிறார்களா, அல்லது நேரசூசியில் எந்த இடம் காலியாக இருக்குதோ அங்கே போடப் போகிறார்களா? அதிபர்மார் இதை இப்போதே யோசிக்கத் தொடங்கலாம்.