பயிற்றுநர் என்றொரு பணி இருக்கிறதா?

தென் திருவிதாங்கூர்ப் பேச்சுவழக்கில் ‘சார்’ என்னும் விளிச்சொல்லுக்கு நெடுங்காலமாகப் பால் வேறுபாடு இல்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் ஆசிரியையையும் ‘சார்’ என்றழைப்பது இயல்பு. 2023 சனவரியில் கேரள மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், ஆசிரியர் எப்பாலினராயினும் ‘டீச்சர்’ என்றே விளிக்கப்பட வேண்டும் என அறிவுறுத்தியது. அதையொட்டி விவாதங்கள் எழுந்தன. வகுப்பறையில் நிற்கும் பெண்ணை எப்படி அழைப்பது என்பது குறித்து இவ்வளவு பேசிய சமூகம், விளையாட்டுத் திடலில் நிற்கும் பெண்ணின் பதவி என்ன என்று கேட்கவில்லை. எல்லைக்கு இப்பால் அவர் ‘பி.டி. டீச்சர்’, அப்பால் களியக்காவிளையில் ‘பி.டி. மிஸ்’. இரண்டு இடத்திலும் அவர் ‘பயிற்றுநர்’ அல்லர். இதைப் பெயர் சார்ந்த குறையாக மட்டும் காண முடியாது. அப்படியொரு பணியே இல்லை என்பதுதான் குறை.

அப்பணி இருந்தால் ஒரு வாழ்வு எவ்வாறு அமையும் என்பதற்குப் பாட் சம்மிட் சான்று. 1974இல், 22ஆம் வயதில், அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்றுநரானார். தொடக்கத்தில் மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டினார். வீராங்கனைகளின் சீருடைகளை அவரே துவைத்தார். 2012இல் ஓய்வு பெற்றபோது 38 பருவங்களில் 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும் அவர் கணக்கில் இருந்தன. முதல் பட்டம் கிடைத்தது 1987இல்தான். பட்டமில்லாத ஆண்டுகள் பலவற்றைப் பொறுத்துக்கொண்டு அவரைப் பணியில் வைத்திருந்தது அந்தப் பல்கலைக்கழகம். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்புலம் அதற்குத் துணைநின்றது. தனிமனித ஆற்றலைப் போற்றுவோர் இந்த நிறுவனப் பொறுமையை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இந்தியக் கல்லூரிகளில் இதற்கு இணையாகக் காட்டப்படுவது உடற்கல்வி இயக்குநர் பதவி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள்படி, இதற்கு முதுநிலைப் பட்டமும், தேசியத் தகுதித் தேர்வோ அதற்கு ஈடான தகுதியோ வேண்டும். பல்கலைக்கழக அளவிலோ மாநில அளவிலோ விளையாடிய சான்று வேண்டும். ஆண்கள் 12 நிமிட, பெண்கள் 8 நிமிட ஓட்டத் தேர்விலும் தேற வேண்டும். இவை நியாயமான நிபந்தனைகளே. ஆயினும் ஓர் அணியைப் பயிற்றுவித்த அனுபவம் நுழைவுத் தகுதியில் இடம்பெறவில்லை. துணை இயக்குநர் நிலைக்கு உயரும் கட்டத்தில்தான் அணிகளின் சாதனை கேட்கப்படுகிறது. பணியில் சேர்ந்தவர் கூடைப்பந்து முதல் சதுரங்கம் வரை அனைத்தையும் கவனிக்க வேண்டும். விளையாட்டு விழாவை நடத்த வேண்டும். சேர்க்கைக் குழுவிலும் தேர்வுப் பணியிலும் அமர வேண்டும். எஞ்சிய நேரத்தில்தான் பயிற்சி. ஒரு விளையாட்டுக்கென்று தனிப் பயிற்றுநரை அமர்த்தும் கல்லூரிகளிலும் அது பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாகவே இருக்கிறது.

இதன் விளைவைச் சிறந்த வீராங்கனைகளின் வாழ்விலேயே காணலாம். சங்ஙனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் வளர்ந்த கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடியவர். 2011இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வு முகாம்களுக்குச் சென்றவர். அர்ஜுனா விருது பெற்றவர். சென்னையின் அனிதா பால்துரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். இருவருக்கும் வாழ்வாதாரம் தந்தது தென்னக ரயில்வே. ரயில்வே இல்லையேல் இந்தியப் பெண்கள் கூடைப்பந்தே இல்லை என்று சொல்லுமளவுக்கு அதன் பங்கு பெரிது. எனினும் விளையாட்டின் வழியாகக் கிடைக்கும் அந்த வேலை, ஆடும் காலம் முடிந்ததும் அலுவலக வேலையாகிவிடுகிறது. இருபதாண்டு ஆட்ட அறிவு கோப்புகளுக்கிடையே தங்கிவிடுகிறது. 2017இல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் இந்தியப் பெண்கள் வாகை சூடியபோது, அணியின் பயிற்றுநர் செர்பியாவைச் சேர்ந்த ஸோரான் விசிச். அவர் பணி பாராட்டுக்குரியது. ஆனால் அந்த இருக்கைக்கு ஓர் இந்தியப் பெண்ணை ஆயத்தப்படுத்தும் படிக்கட்டு இங்கே எங்கிருந்து தொடங்குகிறது?

பணம் வந்தால் அனைத்தும் சரியாகும் என்பது வழக்கமான விடை. அமெரிக்க அனுபவம் அதை முழுமையாக ஏற்கவில்லை. 1972இல் அங்கே கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தனர். சட்டமும் பணமும் வந்த பின் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே சரிந்தது. சம்பளம் உயர்ந்ததும் ஆண்களும் அப்பதவிகளை நாடினர். நிர்வாகங்கள் அவர்களையே தேர்ந்தெடுத்தன. ஆதலின் பதவியை உருவாக்குவது மட்டும் போதாது. அதற்குப் பெண்கள் வந்துசேரும் வழியையும் சேர்த்தே உருவாக்க வேண்டும்.

எல்லைக் கிராமங்களில் இந்தத் தேவை இன்னும் கூர்மையானது. 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழும் மலையாளமும் கலந்த ஒரே பேச்சைப் பேசும் பெண்கள் இரு மாநில அமைப்புகளுக்குள் பிரிந்தனர். பாறசாலைப் பக்கத்துக் கல்லூரி மாணவி கேரளப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுகிறாள். களியக்காவிளைப் பக்கத்து மாணவி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஆடுகிறாள். சில கிலோமீட்டர் தொலைவில் வாழும் இருவரும், தத்தம் பல்கலைக்கழக அணிகளில் இடம்பெற்றால் மட்டுமே தென்மண்டலப் போட்டியில் எதிரெதிரே நிற்க முடியும். இடம்பெறாத பெரும்பான்மையினர் சந்திப்பதே இல்லை.

செய்யத்தக்கவை மூன்று. இரு பல்கலைக்கழகங்களும் எல்லைக் கல்லூரிகளுக்கிடையே ஆண்டுதோறும் ஒரு பெண்கள் கூடைப்பந்துத் தொடரை நடத்தலாம். பயிற்றுவித்த அனுபவத்தை இயக்குநர் நியமனத்திலேயே மதிப்பெண்ணாகக் கணக்கிடலாம். முன்னாள் வீராங்கனைகளை ரயில்வே முதலிய நிறுவனங்கள் மூன்றாண்டு அயல்பணியில் கல்லூரிகளுக்கு அனுப்பலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

பாறசாலைப் பெண்ணொருத்தி இன்று கூடைப்பந்தைக் கையில் எடுத்தால், 21ஆம் வயதில் அவள்முன் நிற்பவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலக வேலையும், அதுவும் கிட்டாவிட்டால் திருமணமும்தான். மூன்றாவதாகத் திடலிலேயே நிற்கும் வேலை ஒன்று உண்டு என்று அவளிடம் சொல்ல முடிய வேண்டும். அதன் பின் அவளை மாணவர்கள் ‘சார்’ என்றழைத்தாலும் ‘டீச்சர்’ என்றழைத்தாலும் குறையொன்றுமில்லை.