பூனைக்குட்டி வேண்டுமா? முதலில் ஆச்சியைக் கேளுங்கள்!

செட்டிநாட்டில் கல்யாணமோ, சாந்தியோ, படைப்போ என்றால்தான் பல வீடுகளின் பூட்டுத் திறக்கும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். இரண்டாங்கட்டில் ஒரு பூனைக்குட்டியைப் பார்த்துவிட்டால் போதும், ‘நாம வளர்ப்போம்’ என்று பிடிவாதம் ஆரம்பமாகிவிடும். நாலு நாள் கொஞ்சல். ஐந்தாம் நாள் கார் கிளம்பிவிடும். குட்டியின் கதி?

அதனால் காரைக்குடிப் பக்கம் பூனை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறத்தையும் இனத்தையும் பார்ப்பதற்கு முன், வருஷம் முழுக்க வீட்டில் இருக்கப்போவது யார் என்று பார்க்க வேண்டும். நன்றாகப் பராமரித்தால் வீட்டுப் பூனை 12 முதல் 15 வருஷம் வாழும். இன்று ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். பேரப்பிள்ளையின் ஆசைக்கு வாங்கி ஆச்சியின் தலையில் கட்டுவதாக இருந்தால், முதலில் ஆச்சியிடம் சம்மதம் கேளுங்கள். தினமும் குனிந்து மணல் தட்டைச் சுத்தம் செய்ய அவரால் முடியுமா? உடம்புக்கு முடியாத பூனையைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போக ஆள் உண்டா?

அடுத்தது சாப்பாடு. பால் சோறும் தயிர் சோறும் போதும் என்பது தவறு. பூனை மாமிசம் தின்று வாழும் பிராணி. இறைச்சி, மீனில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. அதற்காகக் கோழிக் குழம்பின் மிச்சத்தையும் வைக்காதீர்கள். நம் சமையலுக்கு ருசி தரும் சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் அதன் உயிரையே பறிக்கலாம்.

பழைய வீட்டில் எலித் தொல்லை, அதற்காகத்தான் பூனை என்கிறீர்களா? அப்படியானால் எலி மருந்தை நிறுத்திவிடுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் விஷம் ஏறும்.

முற்றம் திறந்திருக்கும் வீட்டில் பூனையை அடைத்து வைக்க முடியாது. ஓட்டின் மேலேறி ஊரைச் சுற்றும். பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினைப்படலாம். இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும். எனவே கருத்தடை அறுவைக்கு மருத்துவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டு வையுங்கள். 8 வாரமாவது ஆகாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி அவசியம். பூனை கடித்தாலோ, ரத்தம் வரும்படி பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணல் தட்டை வேறொருவர் சுத்தம் செய்யட்டும்.

வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிட்டுப் போவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வெளியூர் கிளம்பும்போது வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்துப்போக யாராவது ஒருவர் இருப்பார். அதேபோல் பூனையைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் பெயரை இன்றே சொல்ல முடிகிறதா? முடிந்தால் தாராளமாகக் குட்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.