மாக்கோ மோரியை ஏன் கொன்றீர்கள்?

"ராட்சத மிருகமும் ரோபோவும் அடிபடுற படம்தானே, அதுக்குள்ள என்ன கதையைத் தேடுறியள்?"

'பசிபிக் ரிம்: அப்ரைசிங்' பற்றி எங்களுக்குள் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வந்துவிடும். படத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள்தான் கேட்பார்கள். ராட்சத மிருகப் படங்களை இதைவிடக் கேவலப்படுத்த ஏலாது.

2013 இல் வந்த முதல் படத்தையே எடுங்கள். ஒரு யேகரை இயக்கும் சுமையை ஒரு மூளை தாங்காது. அதனால் இரண்டு பேரின் நினைவுகள் ஒன்றாகக் கலக்கவேண்டும். மாக்கோ மோரி முதல் தடவை இணையும்போது தன் சின்ன வயது நினைவுக்குள் விழுந்துவிடுகிறாள். சாம்பல் படிந்த டோக்கியோ தெரு. நீலக் கோட் போட்ட ஒரு பிள்ளை, ஒற்றைச் சிவப்புச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு வருகிறது. பின்னால் நண்டு மாதிரி ஒரு கைஜு. சில நிமிடக் காட்சிதான். ஆனால் அதற்குப் பிறகு மாக்கோ வாளை எடுக்கும்போது யாருக்காக எடுக்கிறாள் எண்டு எங்களுக்குத் தெரியும். டெல் டோரோ அந்தப் படத்தை ரே ஹரிஹவுசனுக்கும், 1954 இல் 'கோட்சில்லா'வை எடுத்த இஷிரோ ஹொண்டாவுக்கும் சமர்ப்பித்தது சும்மா மரியாதைக்கு இல்லை. ஹொண்டாவின் படத்திலும் எரியும் டோக்கியோவில் பிள்ளைகளை அணைத்தபடி ஒரு தாய் இருப்பாள். மிருகம் எவ்வளவு பெரிசு எண்டு அவளைப் பார்த்துத்தான் விளங்கும்.

2018 இல் இரண்டாம் பாகத்தை எடுத்தவர் ஸ்டீவன் டிநைட். (டெல் டோரோ தயாரிப்பாளர்களில் ஒருவராக ஒதுங்கிக்கொண்டு 'த ஷேப் ஒஃப் வோட்டர்' எடுக்கப் போனார். இந்தப் படம் வந்த அதே மார்ச் மாதம் ஒஸ்காரும் வாங்கினார்.) இதில் மாக்கோ பெரிய பதவியில் இருக்கிறாள். ஆனால் ஒரு தடவைகூட யேகருக்குள் ஏற விடவில்லை. சிட்னியில் ஹெலிகொப்டர் விழுந்து செத்துப்போகிறாள். ஏன்? தம்பி ஜேக்குக்குக் கோபம் வரவேணும், அவன் வீரனாக வேணும். அவ்வளவுதான்.

ஆணின் கதைக்கு முட்டுக்கொடுக்காமல் தனக்கென்று ஒரு கதை உள்ள பெண் பாத்திரம் படத்தில் இருக்கா எண்டு பார்ப்பதற்கு, முதல் படத்துக்குப் பிறகு ரசிகர்கள் 'மாக்கோ மோரி சோதனை' என்று ஒன்றை உருவாக்கினார்கள். அந்தச் சோதனைக்குப் பெயர் தந்தவளே இரண்டாம் பாகத்தில் அதில் தோற்றுப்போகிறாள்.

அமாரா இருக்கிறாளே எண்டு சிலர் சொல்லலாம். உண்மை, பழைய இரும்பில் தானே யேகர் கட்டுகிற அந்தப் பிள்ளையை எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் சாந்தா மொனிக்காவில் கைஜுவிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த அவளின் கதை, மாக்கோவின் நினைவை நகலெடுத்ததுதான். நியூட் வீட்டில் கைஜு மூளையை வைத்து 'அலிஸ்' எண்டு பெயர் கூப்பிடுறது மட்டும் நல்ல பைத்தியக்காரத்தனம். அதையும் பாதியில் விட்டிட்டாங்கள்.

கடைசிச் சண்டைதான் மோசம். பட்டப்பகலில் டோக்கியோக் கட்டடங்கள் மட்டைப்பெட்டி மாதிரிச் சரிகின்றன. சனமெல்லாம் நிலத்துக்குக் கீழே போயிட்டுது எண்டு சொல்லிவிட்டுக் கமரா அவர்களை மறந்துவிடுகிறது. முதல் படத்தில் ஹொங்கொங்கில் நாங்களும் சனத்தோடு அந்தக் காப்பிடத்துக்குள் இறங்கினோம், மேலே கேட்ட காலடிச் சத்தத்துக்கு நடுங்கினோம். பங்கருக்குள் இருந்து மேலே கேட்கிற சத்தம் எப்படி எண்டு எங்கட வீடுகளில் கேட்டாலே சொல்லுவினம்.

முதல் படம் உலகம் முழுக்கச் சுமார் 41 கோடி டொலர் உழைத்தது. இது 29 கோடி. கதை தேவையில்லை, அடிபாடு போதும் எண்டு சொன்னவர்களே போய்ப் பார்த்திருக்கலாமே! இறுதியில் ஜேக், அடுத்த முறை நாங்கள்தான் உங்கட உலகத்துக்கு வருவம் எண்டு கைஜுக்களை அனுப்புகிறவர்களை மிரட்டுகிறான். மூன்றாம் பாகம் இன்னும் வரவில்லை. வந்தாலும் மாக்கோ இல்லை.